முதலுடல்

பேச்சியின் பட்டையைத் திருப்பிக் கொடுக்க அவள் அம்மா சுடலி வந்திருந்தாள்.

இறந்துபோனவர்களின் பயிற்றுப்பட்டையைப் பதினைந்து நாளைக்குள் மையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. நெற்றியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் அந்தச் சாம்பல் நிறப் பட்டையைச் சுடலி சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து, நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தாள். தண்ணீரே படக்கூடாத பொருள் அது. உள்ளே ஓடும் உணரிழைகள் எல்லாம் போயிருக்கும். பியூலா அதைச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள்.

தூத்துக்குடியில் துணையுடல் மையம் தொடங்கிய நாளிலிருந்து பியூலா அங்கே கல்விச் செவிலி. லூப்பஸ் நோயாளிகளுக்கு அவர்கள் நோயைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதும், கூடவே நிற்பதும்தான் அவள் வேலை. அவளுக்கும் அதே நோய், இருபத்து மூன்று வருடமாக.

பேச்சிக்கு இருபத்தாறு வயது. இறால் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தாள். அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள் என்று நினைத்து, கூட இருந்த பெண்கள் எழுப்பாமல் விட்டிருக்கிறார்கள். இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோத்து, இதயத்தை விரியவிடாமல் அமுக்கிவிட்டது என்று பிணக்கூறாய்வில் தெரிந்தது. ஒரே நாளில் சேர்ந்த நீர் இல்லை, பத்து நாளாவது ஆகியிருக்கும் என்றார்கள்.

அந்தப் பத்து நாளும் அவளுக்கு நெஞ்சு வலித்திருக்க வேண்டும். லேசான வலி இல்லை அது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் குத்தும். படுத்தால் இன்னும் கூடும்.

"வலின்னு ஒரு வார்த்த சொல்லல சிஸ்டர்," என்றாள் சுடலி. "சொல்லியிருந்தா தூக்கிச் சுமந்தாவது கொண்டாந்திருப்பேன். கடைசி ஒரு வாரம் அவ படுக்கவே இல்ல. உக்காந்தே தூங்குனா. ஏன்ட்டின்னு கேட்டேன். ஒண்ணுமில்லம்மா, இப்படித்தான் நல்லாருக்குன்னுட்டா."

சுடலி சேலை முனையால் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தாள். பிறகு, குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலவே கேட்டாள்.

"உங்க பாடத்துல நெஞ்சு வலி கெடையாதா சிஸ்டர்?"

இருக்கிறது என்றாள் பியூலா. முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறோம், நெஞ்சில் வலி என்றால் உடனே வர வேண்டும் என்று சுவரில்கூட எழுதி ஒட்டியிருக்கிறது. சுடலி திரும்பி அந்தச் சுவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பின் எழுந்து, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லூப்பஸ் வந்தவரின் உடம்பைக் காக்க வேண்டிய அணுக்கள் அதே உடம்பைத் தாக்கும். இன்றைக்கு மூட்டு, நாளைக்குத் தோல், பிறகு சிறுநீரகம், இதய உறை, நுரையீரல் உறை என்று எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. மருந்து உண்டு. ஆனால் தாக்குதல் தொடங்கும்போதே மருந்தைக் கூட்டினால்தான் பலன். அந்தத் தொடக்கம் மிகச் சின்னதாக இருக்கும். காலையில் மோதிரவிரல் கணு கொஞ்சம் இறுகும். சிறுநீரில் நுரை நிற்கும் நேரம் கொஞ்சம் கூடும். அசதி வழக்கமான நிறத்தில் இல்லாமல் வேறு நிறத்தில் வரும். பியூலா இதையெல்லாம் பதினைந்து வருடம் வாயால் சொல்லிப் பார்த்தாள். படம் வரைந்து காட்டினாள். தன் விரலையே நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய், சிறுநீரகம் பழுதான பிறகு வந்தார்கள். காதால் கேட்டது உடம்புக்குப் போய்ச் சேரவில்லை.

அப்போதுதான் டாக்டர் குமுதவல்லி வந்தாள். மூளை நரம்பியல் படித்தவள், பியூலாவைவிட ஆறேழு வயது இளையவள். உடம்பு ஒவ்வொரு நொடியும் மூளைக்கு எண்ணற்ற செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எதைக் கவனத்துக்கு ஏற்றுவது, எதை வாசலோடு திருப்புவது என்று மூளைக்குள் ஒரு வடிகட்டி தீர்மானிக்கிறது. நோயோடு நீண்ட காலம் நன்றாக வாழ்ந்தவர்களின் வடிகட்டி மற்றவர்களுடையதைப் போல இருப்பதில்லை என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். அந்த வடிகட்டியின் அமைப்பைப் பதிவெடுத்து, பட்டை வழியாக இன்னொருவர் மூளைக்குப் பழக்கிவிட முடியும். நாற்பது அமர்வுகள் போதும். அதற்கு உணர்படி என்று பெயர் வைத்தாள். பதிவு எடுக்கப்படுகிறவரின் உடல் முதலுடல்.

முதலுடலுக்காக முந்நூறு பேரைச் சோதித்துப் பார்த்துப் பியூலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினான்கு வருடமாக அவள் ஒரு நாள்கூட மருத்துவமனையில் நோயாளியாகப் படுத்ததில்லை. பதினோரு மாதம் தலையில் பதிவியை மாட்டிக்கொண்டே சமைத்தாள், குளித்தாள், சபைக்குப் போனாள், வகுப்பெடுத்தாள். தொடக்க விழாவில் குமுதவல்லி பேசும்போது, எதைக் கேட்க வேண்டும் என்பது இதில் பாதிப் பாடம்தான் என்றாள். எதைக் கேட்காமல் விடலாம் என்பது மீதிப் பாதி, ஒவ்வொரு வலிக்கும் பயந்து ஓடினால் ஒரு மனிதர் வாழ முடியாது, பியூலா சிஸ்டரின் பொறுமையையும் சேர்த்துத்தான் உங்களுக்குத் தருகிறோம் என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். பியூலாவுக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

நான்கு வருடத்தில் அறுபத்தோராயிரம் பேர் அவளுடைய படியைப் பெற்றார்கள். நோய் என்று தெரிந்த முதல் மாதமே பட்டை கட்டிவிடுவது நடைமுறையாயிற்று. கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒரு பெண் சட்டென்று பையைக் கீழே வைத்துவிட்டு, மோதிரவிரல் கணுவைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். அது பியூலாவின் பழக்கம். பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிழல் தேடி உட்காருவார்கள். சிறுநீரகம் பழுதாகி வருகிறவர்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தார்கள்.

பேச்சி பட்டை கட்டிக்கொள்ள வந்தபோது யாரையும் நம்பாதவளாக இருந்தாள். ஆலையின் குளிரில் அவள் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கும். அதை யாரும் பார்க்கக்கூடாது என்று கையை மடக்கியே வைத்திருப்பாள். இருபதாவது அமர்வு முடிந்த மறுநாள் ஓடி வந்து, அக்கா, இன்னிக்கு வரப்போகுதுன்னு எனக்கு முன்னாலயே தெரிஞ்சிது என்று சொல்லிச் சிரித்தாள். அன்றுமுதல் சிஸ்டர் என்பதை விட்டுவிட்டு அக்கா என்றே கூப்பிட்டாள்.

சுடலி வந்துபோன அன்று மாலை, பியூலா வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவர் ஐசக் துறைமுகத்திலிருந்து வந்து, சட்டையைக் கழற்றாமலே மின்விசிறிக்குக் கீழே நின்றார். பேச்சியின் அம்மா வந்திருந்ததை அவள் சொன்னாள். அந்தப் பெண் உட்கார்ந்தே தூங்கியதைச் சொன்னாள். ஐசக்கின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் எப்படித் தூங்குதேன்?" என்று கேட்டாள்.

"நீ எங்க படுக்கே," என்றார் ஐசக். "கட்டில்ல உக்காந்துதான தூங்குத. ஆறேழு வருசம் ஆச்சே. முதுகுவலின்னுல்லா சொன்ன."

முதுகுவலி என்று எப்போது சொன்னாள் என்று பியூலா யோசித்துப் பார்த்தாள். முதுகு வலித்ததாக ஞாபகமே இல்லை.

மறுநாள் காலை மையத்துக்குப் போனதும் மாநிலப் பதிவேட்டைத் திறந்தாள். திட்டத்தில் சேர்ந்து இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்று வரிவரியாகப் பார்த்தாள். மொத்தச் சாவுகள் குறைந்திருந்தன. சிறுநீரகச் சாவுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. அதனால் யாரும் கீழ் வரிகளைப் பார்க்கவில்லை. இதய உறையில் நீர் கோத்து இறந்தவர்கள் திட்டத்துக்கு முன்னால் வருடத்துக்கு நான்கு பேர். போன வருடம் இருபத்தொன்பது பேர். ஒவ்வொருவரின் மருத்துவக் குறிப்பையும் திறந்தாள். "நெஞ்சு வலி: இல்லை" என்றே எல்லாவற்றிலும் இருந்தது. ஒருவர்கூட அந்தக் காரணத்துக்காக மருத்துவரிடம் வரவில்லை.

குமுதவல்லியை அழைத்தாள். தற்செயலாக இருக்கலாம் என்றாள் அவள். எண்களைப் பார்த்த பிறகு அதைத் திரும்பச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு தூண்டியோடு வந்து இறங்கினாள். உடம்பின் எந்த இடத்திலிருந்து புறப்படும் நரம்பிலும் பொய்யான வலிச்செய்தியை ஏற்றி அனுப்பும் சின்னக் கருவி அது. பியூலாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் பதிவியும் மார்பில் தூண்டியின் தகடுகளும் பொருத்தினாள். எதிரே திரையில் இரண்டு கோடுகள் ஓடின. மேல்கோடு உடம்பிலிருந்து மூளையின் வாசலுக்கு வந்துசேரும் செய்தி. கீழ்க்கோடு வாசலைத் தாண்டிக் கவனத்துக்குப் போவது.

முதலில் முழங்கால். மேல்கோடு லேசாக எழும்பியதுமே கீழ்க்கோடும் எழும்பியது. வலிக்குது என்றாள் பியூலா. அடுத்து மணிக்கட்டு. அதுவும் அப்படியே. சாதாரண ஆளைவிட நான்கு மடங்கு கூர்மை என்றாள் குமுதவல்லி, பழைய பெருமை குரலில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

பிறகு நெஞ்சு.

மேல்கோடு எழும்பியது. பியூலா காத்திருந்தாள். குமுதவல்லி அளவைக் கூட்டினாள். மேல்கோடு திரையின் பாதியைத் தாண்டி ஏறியது. கீழ்க்கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஆரம்பிச்சாச்சா டாக்டர்?" என்று கேட்டாள் பியூலா.

குமுதவல்லி அளவை இன்னும் கூட்டினாள். மேல்கோடு திரையின் விளிம்பைத் தொட்டது. அந்த அளவில் மற்ற யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். பியூலாவின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. ஆனால் அவள் முகம் அமைதியாக, எப்போது தொடங்கும் என்று பொறுமையாகக் காத்திருந்தது.

குமுதவல்லி தூண்டியை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்லிய குரலில், "இதையும் சேத்துத்தான் குடுத்திருக்கோம் சிஸ்டர்," என்றாள்.

அன்றைக்கே நெஞ்சை ஸ்கேன் செய்து ஊடுபடம் எடுத்தார்கள். பியூலாவின் இதய உறை பழைய தோலைப் போலத் தடித்துப்போயிருந்தது. பல முறை வீங்கி ஆறி, மறுபடி வீங்கிய தடங்கள். இப்போதும் உள்ளே கொஞ்சம் நீர் இருந்தது. வருடக்கணக்கில் மெதுவாக வந்ததால் அவள் உடம்பு அதற்கு இடம்கொடுத்துப் பழகியிருந்தது. அதனால்தான் அவள் உயிரோடு இருந்தாள். படியைப் பெற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவளுடைய கேளாமையை மட்டும்தான் படியெடுக்க முடிந்தது. முதல் தாக்குதலிலேயே நீர் வேகமாகக் கோத்தபோது அவர்கள் உறை இளகிக் கொடுக்கவில்லை.

இது எங்கிருந்து வந்தது என்று குமுதவல்லி கேட்டாள். பியூலாவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

இருபத்து நான்கு வயதில், நோய்க்கு இன்னும் பெயர் வைக்காத காலத்தில், அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியாக இருந்தாள். ஒரே மாதத்தில் நான்கு முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போனாள். முதல் முறை வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் முறை இதய வரைபடம் எடுத்துப் பார்த்து, பயம் என்றார்கள். மூன்றாம் முறை பணியிலிருந்த மருத்துவர், கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான்காம் முறை தலைமைச் செவிலி அவளைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போய்க் கேட்டாள்.

"நீ நர்ஸா, நோயாளியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

நர்ஸ் என்றாள் பியூலா. அதன் பிறகு வலித்தால் யாரிடமும் சொல்வதில்லை. வார்டில் நின்றபடி, மூச்சைச் சின்னச் சின்னதாக வெட்டி இழுத்துக்கொண்டு, எதிரே இருக்கும் நோயாளியின் முகத்தையே பார்ப்பாள். இரண்டு வருடம் அப்படிச் சொல்லாமல் இருந்தாள். பிறகு சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. வலி நின்றுவிட்டது என்று நினைத்தாள். ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று சாட்சிகூடச் சொல்லியிருக்கிறாள், சபையில், எல்லோர் முன்னாலும்.

திட்டத்தை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு வந்தது. குமுதவல்லியால் அதற்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. பியூலாவாலும் முடியவில்லை. படி இல்லாவிட்டால் சிறுநீரகம் பழுதாகிச் சாகக்கூடியவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஏற்கெனவே பெற்றவர்களிடமிருந்து அதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. நீச்சல் கற்ற உடம்பிலிருந்து நீச்சலைப் பிடுங்க முடியாது. அதன்மேல் இன்னொன்றைப் பழக்கலாம், அவ்வளவுதான். நெஞ்சு வலியை முழுசாகக் கேட்கிற ஒருவரின் வடிகட்டியிலிருந்து அந்த ஒரு பகுதியை மட்டும் பதிவெடுத்து, திருத்தப்படியாகக் கொடுக்க வேண்டும்.

அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. மாநிலத்தில் லூப்பஸ் என்று தெரிந்தவர்கள் அநேகமாக எல்லோரும் பியூலாவின் படியைப் பெற்றிருந்தார்கள். கடைசியில் ராமேசுவரம் பக்கம் அந்தோணிப்பிச்சை என்று ஒரு மீனவர் அகப்பட்டார். என் தலையில் யாரும் எதையும் கட்டக்கூடாது என்று திட்டத்தில் சேர மறுத்தவர். மாதம் ஐந்து முறை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வந்து, நெஞ்சில் குத்துகிறது, அங்கே இழுக்கிறது என்று முறையிடுவார். அவரைக் கண்டாலே அங்கிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். பியூலாவே நேரில் போய் அவரிடம் பேசினாள். பேச்சியின் கதையைச் சொன்னாள். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, என் புலம்பல் நாலு பேருக்கு ஆகுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

திருத்தப்படியை முதலில் பியூலாவுக்குத்தான் கொடுத்தார்கள். அவள்தான் கேட்டு வாங்கினாள். எட்டு அமர்வுகள் வரை ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதாவது அமர்வுக்கு மறுநாள், முற்பகல் வகுப்பில் வருகைப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெயருக்காக மூச்சை இழுத்தாள். உள்ளிருந்து யாரோ விலா எலும்பின் பின்புறத்தைச் சாவியால் கீறியது போல இருந்தது. அடுத்த மூச்சிலும் அதே. அவள் அப்படியே முன்னால் குனிந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குனிந்தபோது வலி ஒரு படி இறங்கியது. நிமிர்ந்தால் ஏறியது. பக்கத்து அறையிலிருந்து குமுதவல்லி ஓடிவந்தாள்.

"இது புதுசு இல்ல டாக்டர்," என்றாள் பியூலா, குனிந்த தலையை நிமிர்த்தாமல். "இத எனக்குத் தெரியும். இது இங்கயேதான் இருந்திருக்கு."

மருந்தைக் கூட்டினார்கள். நீர் வற்றியது. ஆனால் தடித்த உறை தடித்ததுதான். அது உரசும்போது வலிக்கத்தான் செய்யும் என்று இதய மருத்துவர் சொல்லிவிட்டார். இனி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இருக்கும். சில நாள் நிறைய இருக்கும். ஐசக் கட்டிலில் அவளுக்கு முன்னால் ஒரு சின்ன மேசை போட்டுக் கொடுத்தார், சாய்ந்து தூங்குவதற்கு. ஒரு நாள் காலையில் காபியைக் கொடுத்துவிட்டு, நீ இத வாங்காமயே இருந்திருக்கலாம் என்றார். அவர் சொன்னது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

தூத்துக்குடிப் பகுதியில் படி பெற்றவர்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துப் பேசுவது என்று முடிவாயிற்று. முதல் கூட்டத்துக்கு நூற்றுப் பத்துப் பேர் வந்தார்கள். மையத்தின் கூடம் நிரம்பி, பின்னால் பெஞ்சுகள் போட வேண்டியிருந்தது. பெரும்பாலும் பெண்கள். சுடலியும் வந்து ஓரமாக நின்றாள், யாரும் அழைக்காமலே.

பியூலா எதையும் மறைக்கவில்லை. தன் ஊடுபடத்தைத் திரையில் காட்டினாள். படிக்கட்டில் தலைமைச் செவிலி கேட்டதைச் சொன்னாள். பேச்சியின் பெயரைச் சொன்னபோது சுடலி தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் என்னிடமிருந்து வாங்கியதில் ஒரு இடம் குருடு, அதைச் சரிசெய்யத் திருத்தப்படி இருக்கிறது, இருபது அமர்வுகள், அதற்குப் பிறகு வலிக்கும், ஆனால் வலித்தால்தான் நேரத்தில் வருவீர்கள் என்றாள். விருப்பமில்லாதவர்களுக்குக் கொடுக்க முடியாது, கையெழுத்துப் போட்டால்தான் உண்டு என்றாள்.

கூடம் அமைதியாகக் கேட்டது. அழுகையோ கோபமோ எழவில்லை. நியாயவிலைக் கடையில் வேலை பார்க்கும் வள்ளிமயில் என்ற பெண் எழுந்தாள். பியூலாவிடம் முதல் வருடத்திலேயே படித்தவள்.

"சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க," என்றாள். "நான் வேலைக்குப் போறேன், புள்ளையள பாக்கேன், நல்லா இருக்கேன். நல்லா இருக்கவங்களுக்கு எதுக்கு சிஸ்டர் வலியக் குடுக்கீங்க?"

பல தலைகள் ஆமென்று அசைந்தன. இங்கே யாருக்காவது நெஞ்சில் வலி இருக்கிறதா என்று பியூலா கேட்டாள். ஒரு கையும் எழவில்லை. இருந்தால் எங்களுக்குத் தெரியாதா என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, இரண்டு பேர் மெல்லச் சிரித்தார்கள். அவர்கள் முகங்களில் பயமே இல்லை. உண்மையிலேயே ஒன்றுமில்லை என்று அவர்களுக்கு உள்ளே இருந்து ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அது பியூலாவின் குரல்தான். மேடையில் நின்று பேசும் இந்தக் குரலைவிட அது அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தது.

படிவங்களை எடுத்துக்கொண்டவர்கள் நான்கு பேர்.

அவள் நெஞ்சு அன்றைக்கு மோசமாக இருந்தது. பேச்சை முடித்துவிட்டு, மேடை விளிம்பிலேயே உட்கார்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்தாள். வலி ஒரு படி இறங்கியது. அப்போதுதான், கண்ணுக்கு நேராக, முதல் வரிசையில் வள்ளிமயிலும் அதேபோல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முழங்கை முழங்காலில். உடம்பு முன்னால்.

பியூலா எழுந்து அவளிடம் போனாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரும்படி சொன்னாள். வள்ளிமயில் ஒரு மரியாதைக்காகச் சாய்ந்தாள். மூன்று மூச்சு விட்டிருப்பாள். அவள் மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. பிறகு அவள் உடம்பு, அவளைக் கேட்காமலே, மெல்ல முன்னால் வந்து பழையபடி முழங்கையை ஊன்றிக்கொண்டது.

"வலிக்குதா?" என்று கேட்டாள் பியூலா.

"இல்லியே."

"பெறகு ஏன் முன்னால வந்தே?"

வள்ளிமயில் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். முன்னால் வந்ததே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆசிரியையைத் திருப்திப்படுத்தும் மாணவியைப் போலப் புன்னகைத்தாள்.

"இப்படி உக்காந்தாத்தான் சிஸ்டர், நீங்க சொல்லுதது நல்லாக் கேக்குது."

பியூலா நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தாள். மூன்று பேருக்கு ஒருவர் முன்னால் சாய்ந்து, அப்படித்தான் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.